ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு மேட்ச்

வெளிநாட்டு கிரிக்கெட் அணி வருமா வராதா என்று டீவிச் செய்தியை வாய் பிளந்து பார்த்ததில், மைதானக்காரர் தண்ணீர்க் குழாயை மூட மறந்துவிட்டார். பிட்ச்சின் ஒரு முனை சேறு. அந்த அணி அனுப்பிய, தமிழ் பேசும் பாதுகாப்பு அதிகாரியின் பளபள பூட்ஸ் அதில்தான் கணுக்கால்வரை இறங்குகிறது. "நாங்க வச்ச பொறின்னு எழுதிடாதீங்க சார், என் மறதிதான்." அதிகாரி சிரிக்கவில்லை. கேலரிப் படிகளில் வெயில் உட்கார்ந்திருக்கிறது. ஊரில் குண்டு வெடித்த நாளிலிருந்து ஒன்பது வருஷமாக, வெளிநாட்டு ஆட்டம் பார்க்க அங்கே வேறு யாரும் உட்காரவில்லை. மூன்று நாளாக, கிரிக்கெட் சங்கச் செயலாளரைக் கேட்டால் "பேசிக்கிட்டிருக்கோம்", போலீஸைக் கேட்டால் "மேலிடம் சொல்லும்". மழை வருமா என்பதையே இதைவிடத் தெளிவாகச் சொல்கிறார்கள். முணுமுணுத்தபடி மைதானக்காரர் குனிந்து, புல்லைப் பிள்ளை மாதிரி வளர்த்த கையில் கோணியை எடுத்துப் பூட்ஸைத் துடைக்கிறார். பாதித் துடைப்பில் கை நிற்கிறது. "சார், நீங்களாவது வாயைத் திறந்து சொல்லுங்க. வருவாங்களா? நான் இந்தப் பிட்ச்சைக் காயவைக்கவா, வேண்டாமா?" அதிகாரி கையிலிருந்த பாதுகாப்பு அறிக்கைப் படிவத்தை மடிக்கிறார். "உங்க மேல ஒரு குறையும் இல்லண்ணே. ஆனா என் பையன் அந்த டீம்ல இருந்தா, நான் அனுப்ப மாட்டேன். அப்படியேதான் எழுதப்போறேன்."