பத்மஜாவுக்குப் பழக மூன்று மாதம்

பெஹாலா பகுதியிலிருந்த அச்சகத்தின் அலுவலகத்தில் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் மேலாளர் சுமித்ரா, பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் தினேஷ்குமார், எதிரே அப்ரெண்டிஸாகச் சேர வந்த பத்மஜா, அவளை ஒட்டினாற்போல் அப்பா வெங்கடநாராயணன்.

"எல்லாரும் பேசிக்கறப்போ இவ மட்டும் திருதிருன்னு முழிப்பாளேப்பா!" என்றார் அப்பா.

"மூணு மாசத்துல பழகிடுவா அங்கிள். அதுவரைக்கும் நிதானமாச் சொல்றேங்கறாங்க மேடம்" என்றான் தினேஷ்குமார்.

"கேலி பண்ணினா?"

"பண்ணுவாங்க. என்னையே விடல!"

"இவளை மாதிரி வேற யாராவது இங்க இருக்காளா?"

"இல்ல அங்கிள். மேடத்தோட சேர்த்துப் பதினெட்டு பேருக்குமே காது கேக்காது. காது கேக்கற அப்ரெண்டிஸ் இவதான் முதல்ல."

சுமித்ரா மெதுவாகக் கைகளை அசைத்தாள். பத்மஜா தடுமாறிக் கைகளாலேயே பதில் சொன்னாள்.

"திங்கக்கிழமை வரேங்கறா!" என்று தினேஷ் சிரித்தான்.

அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பத்மஜா கையெழுத்திட்ட பயிற்சி ஒப்பந்தத்தை உறையிலிட்டு, அழுத்தி ஒட்டி, அப்ரெண்டிஸ் பதிவு அலுவலகத்துக்குச் சேர்க்கச் சொல்லி கூரியர்க்காரரிடம் தானே கொடுத்தனுப்பினார்.