பேசக் கூடாத மேசை

"அபிலியோ ஐயா, இன்னும் ஒரு வார்த்தை உங்க வாயிலிருந்து வந்தா, அடுத்த வாரத்திலிருந்து இந்த மேசையில உங்களுக்கு இடமில்லை."

புதுத் தலைவர் மர்சியால் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒயின் சுவைக்கிறவர்கள் சுவைக்கும்போது பேசக் கூடாது. ஒருவர் சொல் இன்னொருவர் நாக்கைக் கெடுத்துவிடும். மஞ்சுவேலா என்ற வட்டாரப் பெயரை எந்த பாட்டிலில் ஒட்டலாம், எதில் ஒட்டக் கூடாது என்று தீர்மானிக்கிற ஐந்து பேரில் நால்வருக்கு இது தெரியும்.

இந்த வருடம்தான் பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர்ந்த அபிலியோவுக்கு மட்டும் தெரியவில்லை. முகர்ந்த உடனே ஆரம்பித்துவிடுவார். செர்ரி என்பார், ரோஸ்மேரிப் புகை என்பார். ஒருமுறை, "இது என் மாமியார் மாதிரி. முதல்ல கடிக்கும், அப்புறம் விடவே விடாது" என்றார்.

மர்சியால் கண்டித்ததும் மற்றவர்கள் தலையாட்டினார்கள். எலாதியா கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து தன் மூக்கையே கெடுக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவளுக்கு மூக்கே இல்லை.

போன குளிர்காலத்துக் காய்ச்சல் இறங்கியபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி வெறும் சூடு. மழை வெறும் ஈரம். யாரிடமும் அவள் சொல்லவில்லை. அந்த வட்டாரத்திலேயே கூரான மூக்கு என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரும் போனால் காலையில் எழுந்திருக்கக் காரணம் ஏது? அதனால் பக்கத்து நாற்காலியின் உளறலைக் காதால் முகர்ந்து மதிப்பெண் போட்டுவந்தாள்.

கடைசிக் கோப்பை வந்தது. பொபால் என்கிற உள்ளூர்க் கறுப்புத் திராட்சை, மருந்து தெளிக்காத தோட்டம், மலிவு விலை. பெயரை மறைத்திருந்தாலும் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அப்படிப் பிடிவாதம் பிடிக்கிறவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஹசிந்தோ ஒருவன்தான். தேறாவிட்டால் அவனுடைய இந்த வருட ஒயின் முழுவதும் பெயரில்லாமல் சாராய ஆலைக்குப் போகும்.

நான்கு பேர் தங்கள் முடிவை மர்சியாலின் காதோடு சொன்னார்கள்.

"ரெண்டு பேர் தேறும்ங்கிறாங்க. ரெண்டு பேர் வினிகராயிடுச்சுங்கிறாங்க. எலாதியா அம்மா, நீங்கதான் பாக்கி."

அவள் கோப்பையைச் சுழற்றினாள். மூக்கை உள்ளே விட்டாள். கண்ணாடியின் குளிர்ச்சி மட்டும். ஒரு வாய் இழுத்தாள். புளிப்பு, துவர்ப்பு. நல்லதிலும் அது உண்டு, கெட்டதிலும் உண்டு. துப்பினாள். மறுபடியும் சுழற்றினாள்.

பக்கத்து நாற்காலி மௌனமாக இருந்தது.

மர்சியால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மூன்றாம் முறையாகக் கோப்பையைச் சுழற்றினாள்.

"பழம் அப்படியே இருக்கு," என்றார் அபிலியோ, யாரையும் பார்க்காமல். "கறுப்பு ப்ளம். ஒரு நெடி இருக்கு, அடைச்சு வச்ச நெடி. கொஞ்சம் காத்து பட்டா போயிடும். வினிகர் இல்ல."

மர்சியால் கதவைக் காட்டினார். அபிலியோ எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, ஒரு வேடிக்கைப் பேச்சுகூட இல்லாமல் வெளியே போனார்.

எலாதியா கோப்பையைக் கீழே வைத்தாள். "தேறும்."

"அவர் சொன்னதால சொல்லலையே?"

"அந்த ஆள் பேச்சை நான் எந்தக் காலத்துல காதுல வாங்கியிருக்கேன்?"

ஹசிந்தோ தப்பினான்.

வெளியே அபிலியோ காருக்குள் உட்கார்ந்து முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாராவாரம் அவரை அழைத்துப்போக வரும் மனைவி விசி காரின் கதவில் சாய்ந்து நின்றாள். எலாதியா அருகே போய், ஆறுதலாகச் சொன்னாள்.

"உன் வீட்டுக்காரருக்கு இடம் போச்சு விசி. வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்."

விசி சிரித்தாள். "இவரா? வீட்டுல உப்பு வேணும்னாக்கூட கையைத்தான் நீட்டுவாரு. இங்க வந்து பேசிட்டுப் போற அன்னைக்கெல்லாம், தொண்டை வலிக்குதுன்னு சீக்கிரமே படுத்துடுவாரு."

பிறகு காருக்குள் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அது கெடக்கட்டும் எலாதியா. உனக்கு வாசனை திரும்பிடுச்சா?"