டோக்கன் அம்மாவுக்கு, வலி மகளுக்கு

கிட்ட வாங்க கண்ணுங்களா, ஒரு வயிற்றுவலியின் கதை சொல்றேன்.

மந்தைவெளி கிளினிக்கில் டாக்டர் முன்னால் ஈவ்லின் போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "டோக்கன் உங்களுக்கு, வலி அவளுக்கா டீச்சர்?" என்கிறார் டாக்டர். திரையில், அமெரிக்காவில் சுருண்டு கிடக்கிறாள் மகள் சான்ட்ரா. வேலை போனதோடு இன்சூரன்சும் போய்விட்டது. ஈவ்லினின் வலப்பக்க அடிவயிற்றில் டாக்டர் விரல் வைத்துக் காட்டுகிறார். "இங்கதாம்மா. அழுத்திட்டு சட்டுனு விடு." மகளும் அழுத்துகிறாள். விட்டதும் அவள் போடும் அலறலில் வெளியே காத்திருப்பவர்களின் பேச்சு நின்றுபோகிறது. "குடல்வால் வீக்கம் மாதிரி இருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ." "அவ்ளோ பணத்துக்கு எங்க போவேன் டாக்டர்? மாத்திரை சொல்லுங்க" என்கிறாள் சான்ட்ரா. டாக்டர் பேனாவை மூடிவைக்கிறார். "வீட்டையே வித்துக்கலாம்டி, எழுந்திரு!" என்கிறாள் ஈவ்லின். சான்ட்ரா எழுந்ததில் திரையில் படம் ஆடுகிறது, அங்கே ஒரு கதவு திறக்கும் சத்தம். டாக்டர் காட்டிய இடத்தில் தன் விரலை அழுத்தியபடியே இருக்கிறாள் அம்மா.

உங்க வீட்டுல வலிக்கிறவங்க கைக்கெட்டுற தூரத்துல வைத்தியர் இருக்கட்டும், கண்ணுங்களா. எல்லாரும் நல்லா இருங்க.