கதையில் அன்று பிரசவம்

பாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளினியாக வந்து சீரியல் நாயகியானவள் மஞ்சரி. அவள் உண்டானதும் சீரியலிலும் கர்ப்பத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆறாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அதை எடுத்த நான்காம் நாள், ஆஸ்பத்திரி அறையின் டிவியில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து ஓடியது. புதியவள் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சரி ரிமோட்டை எடுத்தாள்.

"அணைச்சுடாதீங்கம்மா, இப்பப் பொறந்துடும்" என்றாள் தரை துடைக்க வந்த சகாயமேரி. மேக்கப் இல்லாத முகம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "முன்ன நடிச்சவளுக்கு இப்படி அழ வராது."

டிவியில் குழந்தை வீறிட்டது. மஞ்சரியின் மார்பில் பால் கசிந்து நைட்டி நனைந்தது. அவள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.