செய்முறைத் தேர்வு

“வாய்மொழிக் கேள்வியெல்லாம் வேண்டாம்மா. நேரா செய்முறைத் தேர்வுக்கே போயிடலாம்” என்றார் அதிகாரி. இன்டர்வியூவுக்கு வந்தவள் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை.

குழந்தை பிறந்ததும் கம்ப்யூட்டர் வேலையை விட்டவள். மறுபடி வேலை தேடிப் போன இடங்களிலெல்லாம் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றார்கள். யாரும் சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. இது பஸ் கம்பெனி. கீழே டிக்கெட் கவுன்ட்டர் வரிசை தெருவரை நீண்டிருந்தது. நன்றாக ஓடும் கம்பெனிதான் என்று சந்தோஷமாகப் படியேறி வந்திருந்தாள்.

அவள் முன்னால் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரை வைத்தார்கள். அதற்குள் சாஃப்ட்வேராகவே ஓட வேண்டிய இன்னொரு கம்ப்யூட்டர், அதாவது விர்ச்சுவல் மெஷின், பூட் ஆகித் தொடங்கவே இல்லை. பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி.

அவள் டைப் செய்யத் தொடங்கியதும் அதிகாரியும் அவருடைய உதவியாளரும் எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். இத்தனை கண்டிப்பான தேர்வை அவள் கண்டதில்லை. உதவியாளர் அவள் அடித்த கட்டளைகளை உள்ளங்கையில் எழுதிக்கொண்டே, கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொன்னார். மார்க் போடுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டிஸ்க் ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. சோதித்துப் பார்த்தாள், பழுதும் இல்லை.

“இந்த மெஷினை யாராவது புதுசா அமைச்சாங்களா சார்?”

“நேத்து நான்தான்…” என்று ஆரம்பித்த உதவியாளரின் காலை அதிகாரி மிதித்தார். “கேள்வியில அப்படி வச்சிருக்கோம்மா” என்றார்.

அவளுக்குப் பொறி தட்டியது. மெஷினின் அமைப்பு விவரங்களைத் திறந்தாள். டிஸ்க், பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும்படி தயாரானது; மெஷினுக்கோ யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையைக் கொடுத்திருந்தார்கள். பக்கத்திலேயே இருந்த டிஸ்க் அதன் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம். பழைய முறைக்கு மாற்றிவிட்டு மெஷினைத் தொடங்கினாள்.

எழுத்துகள் மளமளவென்று ஓடி, லாகின் திரை வந்து நின்றது. உதவியாளர் ஒரே ஓட்டமாகப் படியிறங்கி டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனார். அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“நாளைக்கே வந்து சேர்ந்துடுங்கம்மா.”

அவளால் நம்ப முடியவில்லை. தேர்வு எழுதினால் மார்க் என்று ஒன்று சொல்வார்களே! தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “விடை சரியான்னு நீங்க பார்க்கவே இல்லையே சார்?”

“விடை எங்களுக்கே தெரியாதும்மா.”