தவளைக்கு ஏது பல்?

"பெரிய மிஸ்! அது வேணாம்! அதை வெளியே போகச் சொல்லுங்க! அது பல்லைக் காட்டுது!"

பட்டாணி என்று எல்லோரும் கூப்பிடும் நாலு வயது வாண்டு வீறிட்டது. அவ்வளவுதான், மழலையர் வகுப்பின் மற்ற பதினோரு உருப்படிகளும் சேர்ந்துகொண்டன. கூரை பிய்த்துக்கொண்டு போகாதது ஒன்றுதான் பாக்கி.

புது மிஸ் தன் வலது கையில் மாட்டியிருந்த துணித் தவளையைத் திருப்பிப் பார்த்தாள். தவளைக்கு ஏது பல்? வாய்க்குள் சிவப்புத் துணிதான் இருந்தது.

சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியை, அதாவது பெரிய மிஸ், இடுப்பில் கை வைத்தார். "பொம்மையை வச்சே பாடம் நடத்துவேன்னு சொல்லித்தானேம்மா வேலைக்கு வந்தே? வெள்ளிக்கிழமை பெத்தவங்க எல்லாம் வர்றாங்க. அன்னிக்கு ஒரு பிள்ளை அழுதாலும் சரி, நீயும் உன் தவளையும் வேற குளம் பார்த்துக்குங்க!"

புது மிஸ் வேகமாகத் தலையாட்டினாள். பாவம், எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை. உதடு அசையாமல் பொம்மைக்குக் குரல் கொடுப்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளே இல்லை என்பது அவள் நினைப்பு. அன்று, திங்கட்கிழமை காலைதான், வேலையில் சேர்ந்தவள், வகுப்புக்குள் நுழைந்ததே தவளையோடுதான். பழகினால் பயம் தெளிந்துவிடும் என்று அதன் பிறகும் அதைக் கழற்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை, "அது முட்டைக்கண்ணை உருட்டுது!" என்று அழுதார்கள். மாலையே தவளையின் கண்ணைப் பிய்த்துவிட்டுக் குட்டிச் சட்டைப் பித்தான்களைத் தைத்தாள்.

புதன்கிழமை, "அது ரொம்பப் பெருசா இருக்கு!" என்றார்கள். அடக் கடவுளே! காலை வெட்டி, பஞ்சைப் பிடுங்கி, தவளையைத் தவளைக்குஞ்சாக்கிவிட்டாள்.

வியாழக்கிழமை, அந்தக் குஞ்சைப் பார்த்தும் அதே ஒப்பாரி. நாலு நாளாகத் தவளைக் குரலிலேயே பேசிப் பேசி, புது மிஸ்ஸுக்குச் சொந்தக் குரலே எழும்பவில்லை. வந்த தவளைக் குரலிலேயே கத்தினாள்.

"அட கண்ணுங்களா! பயப்படாதீங்க! இது வெறும் பொம்மை! நான் கெட்டியாப் பிடிச்சிருக்கேன், ஒண்ணும் பண்ணாது!"

பன்னிரண்டு வாயும் சட்டென்று மூடின. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓரடி கிட்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை யாரும் சிணுங்கக்கூட இல்லை. பெற்றவர்கள் கைதட்டித் தீர்த்தார்கள். பெரிய மிஸ்ஸுக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"உன் வேலை உறுதிம்மா, போ! ஏண்டி பட்டாணி, அந்த அழுகை அழுதியே, இப்ப பொம்மையைப் பார்த்தா பயமில்லையா?"

"இல்லையே!" பட்டாணி எட்டி, பூரிப்போடு குனிந்து நின்ற புது மிஸ்ஸின் கன்னத்தைத் தைரியமாகக் கிள்ளிக் காட்டினாள். "இது வெறும் பொம்மைதானாம், கெட்டியாப் பிடிச்சிருக்கேன்னு தவளையே சொல்லிடுச்சு. வேணும்னா பாருங்க, தவளை பேசறப்பெல்லாம் இதுக்கும் வாய் ஆடும்!"