கைமாறாத மெஷின்

கடையில் எல்லாரும் அவனை 'உஷார்' என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது. பாராட்டி வைத்த பெயர் இல்லை.

போன வாரம் ஒருவர் வந்து பேட்டரி டிரில் கேட்டார். வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றார். இவனும் மரியாதையாக எடுத்துக் கொடுத்தான். வாசல் வரை போனவர், வெளிச்சம் போதாமல் அப்படியே போய்விட்டார். டிரில்லும் கூடவே போயிற்று.

முதலாளி கத்தவில்லை. "இன்னொரு மெஷின் போச்சுன்னா, நீயும் அதோடயே போயிடு" என்று மட்டும் சொன்னார். வேலை கிடைக்காமல் மாதக்கணக்கில் மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன். மறுபடியும் அந்தச் சாப்பாட்டுக்குப் போய் நிற்க அவன் தயாராக இல்லை.

அன்று முதலாளியின் மச்சான் வெளியூரிலிருந்து வந்திருந்தார். உஷார் பின்னால் குடோனில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது முதலாளி குரல் கொடுத்தார்.

"மச்சானுக்கு ஒரு வீடு பார்க்கணும். ரெண்டு தெரு தள்ளித்தான், நடந்தே போயிட்டு வந்துடறோம். மெஷினெல்லாம் பத்திரம்."

"கண்ணுல வெச்சுப் பார்த்துக்கறேன் முதலாளி."

அவர்கள் தலை மறைந்ததும் நீலத் தொப்பி போட்ட ஒருவர் உள்ளே வந்தார். வாசலில் நிறுத்திய வேனின் இன்ஜினை அவர் அணைக்கவில்லை. உஷார் அதைக் கவனித்துவிட்டான்.

"வீட்டுக்கும் ஆகணும், காருக்கும் ஆகணும் தம்பி. ஒரே மெஷினா கிடைக்குமா?"

"ஒண்ணுல ரெண்டும் முடியாது சார். சுவத்துல ஓட்டை போட, அலமாரி மாட்ட டிரில். வீல் நட்டைக் கழட்ட இம்பாக்ட் ரெஞ்ச். டிரில்லை வெச்சு வீல் நட்டைக் கழட்டப் பார்த்தா நட்டு அசையாது, உங்க மணிக்கட்டுதான் சுத்தும். ஆனா ரெண்டையும் ஒரே கம்பெனியில வாங்கினா பேட்டரி ஒண்ணே போதும், மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்."

"அந்த ரெஞ்சைக் கொஞ்சம் குடுங்க, வெயிட்டு பார்க்கறேன்."

"ரெண்டு கிலோ இருக்கும் சார்" என்றான், கொடுக்காமல்.

தொப்பிக்காரர் சிரித்தார். "நம்ம கார் பக்கத்துச் சந்துலதான் நிக்குது. வீலையெல்லாம் டயர் மாத்தக் கொண்டுபோகணும். ஜாக்கி, கட்டை எல்லாம் வேன்ல இருக்கு. கழட்டிப் பார்த்துட்டு வாங்கிக்கறேனே."

வந்துவிட்டான்யா வழிக்கு, என்று உஷார் மனதுக்குள் சிரித்துக்கொண்டான். போன வாரம் வெளிச்சம், இந்த வாரம் வீல். மெஷின் கைக்குப் போன மறு நிமிடம் ஆள் வேனில் இருப்பான், வேன் மெயின் ரோட்டில் இருக்கும்.

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம். டெமோ நானே காட்டறேன்."

நைலான் கயிறு ஒன்றை எடுத்து, ஒரு முனையை மெஷினின் கைப்பிடியிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் முடிச்சுப் போட்டான். ஒயரே கிடையாது என்று சொல்லி விற்கிற மெஷினுக்குக் கயிறு கட்டியவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். கடைக் கதவையும் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

சந்தில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. உஷார் குனிந்தான். மெஷின் கடகடவென்று அதிர, நட்டுகள் சொன்ன பேச்சுக் கேட்டு இளகிக் கொடுத்தன.

"வண்டியைத் தூக்கறதுக்கு முன்னாடியே நட்டை லேசா இளக்கிடணும் சார். மாட்டும்போது மட்டும் மெஷினை நம்பாதீங்க, கடைசி முறுக்கு கை ஸ்பேனர்லதான் போடணும்."

"மாட்டறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் தொப்பிக்காரர். ஜாக்கியில் காரைத் தூக்கி அடியில் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, கழன்ற சக்கரத்தை அவரே உருட்டிக்கொண்டு போய் வேனில் ஏற்றினார். "பேட்டரி நாலு வீலுக்கும் தாங்குமா?"

தன் சரக்கைச் சந்தேகப்பட்டால் உஷாருக்குப் பொறுக்காது. "நாப்பது வீலுக்குத் தாங்கும். பாருங்க" என்று அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தான்.

நடுவில் தொப்பிக்காரர், "கை வலிக்கப் போகுது, கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேனே" என்று இரண்டு தடவை கை நீட்டினார். உஷார் கயிற்றை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

நாலாவது சக்கரமும் வேனில் ஏறியது.

"மெஷின் பிரமாதம். டயரை மாத்திட்டு வந்து டிரில்லையும் சேர்த்து வாங்கிக்கறேன்." அவர் உஷாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி உதவி பண்ற ஆளை நான் பார்த்ததே இல்லை தம்பி."

வேன் போய்விட்டது. உஷார் கடையைத் திறந்து, கயிற்றை அவிழ்த்து, மெஷினைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தான். அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். எல்லாம் அப்படியே இருந்தன. சந்தோஷம் தாங்காமல் மனைவிக்குப் போன் போட்டான்.

"உங்கப்பாகிட்ட சொல்லிடு, இப்போதைக்கு நான் அங்க வர்ற மாதிரி இல்லை."

சற்று நேரத்தில் முதலாளி வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"எல்லாம் இருக்கா?"

"ஒருத்தன் வந்தான் முதலாளி. மெஷினைக் கையில வாங்கிடணும்னு என்னென்னவோ பண்ணிப் பார்த்தான். நான் விரலைக்கூடப் பட விடலையே."

அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக முதலாளி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். உஷாருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊருக்குக் கிளம்பலாம் என்று பக்கத்துச் சந்துக்குப் போயிருந்த மச்சானின் குரல் அப்போது அங்கிருந்து கேட்டது.

"அத்தான், என் காரைக் கட்டை மேல தூக்கி வெச்சது யாரு?"